எடை கூட்டும் மருந்தும் எடைபோடாத ஆபத்தும்

2021 மார்ச் 15, உலக நுகர்வோர் உரிமை நாள். சீன அரசுத் தொலைக்காட்சி ஆண்டுதோறும் அந்த இரவில் ஒளிபரப்பும் சிறப்பு நிகழ்ச்சியில், ஹெபெய் மாகாணத்தின் சிங் வட்டாரத்தைச் சேர்ந்த செம்மறி வளர்ப்பாளர்கள் சிக்கினார்கள். வளரும் குட்டிகளின் தீவனத்தில் தடைசெய்யப்பட்ட தூள் ஒன்றைக் கலந்து கொடுத்துவந்தது அம்பலமானது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 2011-ல், அதே தூள்தான் சீனப் பன்றிப் பண்ணைகளில் பெரும் ஊழலாக வெடித்தது. தயாரித்து விற்றவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை விதிக்கும் அளவுக்கு அந்த வழக்கு போனது. அவ்வளவு கடுமைக்குப் பிறகும் அது அழியவில்லை. பன்றிக் கொட்டிலிலிருந்து ஆட்டுக் கொட்டிலுக்கு இடம் மாறியிருந்தது. அதன் பெயர் கிளென்புடெரால்.

இது ஆட்டுக்கென்று பிறந்த மருந்தல்ல. சுருங்கிய மூச்சுக்குழாயை விரித்துவிடுவதற்காக உருவாக்கப்பட்டது. மூச்சிரைக்கும் குதிரைக்குக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் கொடுக்கிறார்கள். கன்று ஈனும் நேரத்தில் பசுவின் கருப்பையைத் தளர்த்தவும் பயன்படுகிறது. உடலில் இயல்பாகச் சுரக்கும் அட்ரினலின் எந்தெந்த வாயில்களைத் தட்டுகிறதோ, அவற்றில் ஒருவகையை மட்டும் தேடிப்போய்த் தட்டுவது இதன் தன்மை. பீட்டா-2 ஏற்பி என்று அந்த வாயிலுக்குப் பெயர். மூச்சுக்குழாயில் இருப்பதைப் போலவே தசையிலும் கொழுப்புத் திசுவிலும் அது உண்டு.

1984-ல் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செம்மறிக்குட்டிகளுக்கு இதைத் தீவனத்தில் கலந்து கொடுத்து, முடிவை ஆய்விதழில் வெளியிட்டார்கள். கொழுப்பு கரைந்தது, தசை பெருத்தது. அதே தீவனத்துக்குக் கூடுதல் கறி. மேலைநாடுகளில் கொழுப்பைக் கண்டு மக்கள் அஞ்சத் தொடங்கியிருந்த காலம் அது. இறைச்சித் தொழில் காத்திருந்த செய்தி கையில் கிடைத்துவிட்டது. சிமட்டெரால், ராக்டோபமைன், சில்பட்டெரால் என்று அதே குடும்பத்து மருந்துகள் அடுத்தடுத்து வந்தன.

ஆட்டுக்குட்டியின் குருதிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு குட்டி வளர்வதற்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. அதன் ஏவலில் ஈரல் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளை உண்டாக்குகிறது. தசையையும் எலும்பையும் வளர்ப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. உண்ட தீவனத்தின் சத்தைத் திசுக்களுக்குள் செலுத்துவது இன்சுலின். உடலின் எரிவேகத்தைத் தைராய்டு ஹார்மோன்கள் வகுக்கின்றன. அச்சமோ பசியோ நோயோ வந்தால் கார்ட்டிசால் உயர்ந்து தசையைக் கரைக்கத் தொடங்குகிறது. பருவம் நெருங்கும்போது கிடாய்க்கு டெஸ்டோஸ்டெரோனும் பெட்டைக்கு ஈஸ்ட்ரோஜெனும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும். ஒன்று தடுமாறினால் அத்தனையும் தடுமாறும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987-ல் சிமட்டெரால் கொடுத்த குட்டிகளின் குருதியை அளந்தார்கள். பின்னங்கால் தசைகள் நன்றாகப் பெருத்திருந்தன. குருதியில் வளர்ச்சி ஹார்மோன் உயர்ந்திருந்தது. ஆனால் வளர்ச்சியின் கையாளான ஐஜிஎஃப்-1 குறைந்திருந்தது, இன்சுலினும் குறைந்திருந்தது. தசை பெருக்கிறது, தசையை வளர்க்க வேண்டிய பொருள்களோ வற்றுகின்றன! இயல்பான வளர்ச்சிப் பாதையைத் தாண்டி மருந்து நேரடியாகத் தசை உயிரணுவுக்குள் புகுந்து வேலை செய்கிறது என்பதே இதன் பொருள். அந்தக் குழப்பத்துக்கேற்ப உடல் தன் ஹார்மோன்களை மாற்றி அமைத்துக்கொள்கிறது. குட்டி வளர்ந்துவிட்டதாகத் தராசு சொல்கிறது; அதன் சுரப்பிகள் வேறொன்று சொல்கின்றன.

இன்னொன்றும் உண்டு. ஓயாமல் தட்டப்படும் ஏற்பிகள் சில வாரங்களில் மரத்துப்போகின்றன. மருந்தின் பலன் தேய்கிறது. அதனால்தான் இந்த மருந்துகளைப் பிறந்ததிலிருந்து கொடுப்பதில்லை, அறுப்புக்கு முந்தைய சில வாரங்களில் மட்டும் கொடுக்கிறார்கள். லாபக் கணக்குக்கு அது சரி. உண்பவருக்கு அதைவிடக் கெட்ட நேரம் இல்லை. உடலிலிருந்து மருந்து வெளியேறுவதற்குள் ஆடு கறிக்கடைக்கு வந்துவிடும்.

கறியின் தரமும் கெடுகிறது. ஆட்டை அறுத்த பிறகு தசைநார்களைப் பதப்படுத்தி மென்மையாக்குவது கால்ப்பெய்ன் என்ற நொதி. அதைத் தடுக்கும் கால்ப்பாஸ்டாட்டின் என்ற பொருளை இந்த மருந்துகள் கூட்டிவிடுகின்றன. நெப்ராஸ்கா மாநிலத்தின் கிளே சென்டரிலுள்ள இறைச்சி விலங்கு ஆய்வு மையம் 1991-ல் விதையடித்த கிடாய்களில் இதைக் காட்டியது. இதே விளைவை இயற்கையும் ஒருமுறை காட்டியிருக்கிறது. 1983-ல் ஓக்லஹோமாவில் ஒரு டார்செட் கிடாய் வழக்கத்துக்கு மாறான பருத்த பிட்டத்தோடு பிறந்தது. அதன் வழிவந்த குட்டிகளில், மரபணு மாற்றம் தந்தை வழியாக மட்டும் வந்திருந்தால் பின்பக்கத் தசை பெருத்தது. கறி நிறைய, ஆனால் மெல்ல முடியாத அளவுக்கு முரடு. அந்த மரபணுவைப் பரப்ப முனைந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

இனி, பேசப்படாத பகுதிக்கு வருவோம். மேற்சொன்ன ஆய்வுகளெல்லாம் எந்த ஆடுகளில் நடந்தவை? டார்செட், சஃபோக், ஹாம்ப்ஷயர், அவற்றின் கலப்புகள். குளிர்நாட்டில் கம்பளியும் கொழுப்பும் போர்த்து வளர்ந்த பேருடல் இனங்கள். சஃபோக் கிடாய் சர்வசாதாரணமாக 100 கிலோவைத் தாண்டும். நம்முடைய மேச்சேரிப் பெட்டை முழு வளர்ச்சி அடைந்த பிறகும் 20 கிலோவைச் சற்றே தாண்டி நிற்கும். 25 கிலோ எடையுள்ள இரு உயிர்களை அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒன்று சஃபோக், தாயிடம் பால் குடிக்கும் பச்சைக் குட்டி. மற்றொன்று மேச்சேரி, குட்டி போட்ட தாய். எடை ஒன்றுதான், குருதியில் ஓடும் ஹார்மோன்கள் அடியோடு வேறு. ஒரு தலைக்கு இத்தனை மில்லிகிராம் என்று வெளிநாட்டுப் பையில் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே நம் ஆட்டுக்குக் கொடுத்தால், கிலோவுக்குக் கணக்கிடும்போது பல மடங்கு மருந்து உள்ளே போகிறது.

உடல் அளவோடு இது முடியவில்லை. பிரிட்டிஷ் தீவுகளின் செம்மறிகளுக்குப் பகல் குறுகும்போதுதான் இனப்பெருக்க ஹார்மோன்கள் விழித்துக்கொள்கின்றன. இருளின் நீளத்தை மெலட்டோனின் என்ற சுரப்பு அவற்றுக்குச் சொல்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நம் ஆடுகளுக்குப் பகலும் இரவும் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே அளவு; மழையும் மேய்ச்சலும் இருந்தால் எந்த மாதமும் அவை சினைக்கு வரும். ஒரு மருந்து ஹார்மோனை எப்படி மாற்றுகிறது என்று இங்கிலாந்தின் இலையுதிர் காலத்தில் செய்த ஆய்வு, சேலத்துச் சித்திரை வெயிலில் நிற்கும் ஆட்டுக்கு எப்படிப் பொருந்தும்? வெப்பம் ஏறும்போது ஆட்டின் தைராய்டு ஹார்மோன் தானாகவே தாழ்கிறது. உடல் தன் சூட்டைக் குறைத்துக்கொள்ள எடுக்கும் முயற்சி அது. அந்த நேரத்தில் இதயத் துடிப்பைக் கூட்டி, உடலின் எரிவேகத்தை முடுக்கும் மருந்தைப் புகட்டுவது கொடுமை. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

கொழுப்பு விஷயத்தையும் பாருங்கள். மேற்கு ஆசியாவின் அவாசி இனம் கொழுப்பை வாலில் சேர்க்கிறது. ஐரோப்பிய இனங்கள் தோலுக்கடியில் தடித்த படலமாகப் போர்த்திக்கொள்கின்றன. நம்முடைய மேச்சேரி, மெட்ராஸ் சிவப்பு, கீழக்கரிசல், வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை ஆகியவை முடி ஆடுகள். இயல்பிலேயே மெலிந்த கறி கொண்டவை. மேய்ச்சலில் வளர்ந்த இவற்றில் கரைப்பதற்குக் கொழுப்பே அதிகம் இல்லை. கொழுத்த ஆட்டை மெலியவைக்கக் கண்டுபிடித்த மருந்தை மெலிந்த ஆட்டுக்குக் கொடுப்பதில் எந்த அறிவியலும் இல்லை.

இனத்துக்கு இனம் மருந்தும் சத்தும் வேறுபட்டு வேலை செய்யும் என்பது ஊகமன்று. செம்மறியிலேயே தாமிரச் சத்து நல்ல எடுத்துக்காட்டு. ஒரே தீவனத்தைத் தின்றாலும் டெக்சல் இனம் ஈரலில் தாமிரத்தைச் சேர்த்து நச்சாகி இறக்கும்; ஸ்காட்லாந்தின் கருமுக ஆடு அதைத் தாங்கிக்கொள்ளும். நாய்களில் கோலி இனத்தவற்றுக்குக் குடற்புழு மருந்தான ஐவர்மெக்டின் மூளைக்குள் புகுந்து உயிரைப் பறிக்கும். காரணம் ஒரு மரபணுப் பிழை என்று 2001-ல் தெரிந்தது. அதே ஆண்டில்தான் செம்மறியின் குட்டியீனும் திறனை மாற்றும் ஃபெக்-பி மரபணு என்பது என்ன என்றும் தெளிவானது. வளர்ச்சிக் காரணிகளின் கட்டளையை வாங்கும் ஒரு புரதத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் உள்ள பெட்டை இரட்டை, மூன்று குட்டி போடுகிறது. வங்காளத்தின் கரோல் ஆட்டிலிருந்து 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குப் போன அந்த மரபணு அங்கே பூருலா மெரினோ என்று புகழ்பெற்றது. அதே கரோலிலிருந்து அதைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து, மகாராஷ்டிரத்தின் பல்டணிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம் சுவர்ணா என்ற ஆட்டை உருவாக்கியது. ராஜஸ்தானின் அவிகாநகர் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையம் அவிஷானை உருவாக்கியது. ஒரே ஓர் எழுத்து இவ்வளவு மாற்றும் என்றால், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வேறுவேறு மண்ணில் பிரிந்து வளர்ந்த இனங்களின் ஹார்மோன் அமைப்பு ஒன்றுபோல இருக்கும் என்று நினைக்க என்ன நியாயம் இருக்கிறது?

மெக்சிகோவில் பெலிபுவே, கட்டாடின், டார்ப்பர் போன்ற வெப்பநாட்டு முடி ஆடுகளிலும் அவற்றின் கலப்புகளிலும் சில்பட்டெரால் ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன. கறி கூடுவதும் கொழுப்பு குறைவதும் கறி முரடாவதும் பெரும்பாலும் திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவுகள். ஹார்மோன்களிலோ அந்த ஒற்றுமை இல்லை. இனம், பால், வயது, வெயில், தீவனம் எல்லாம் முடிவை மாற்றுகின்றன. தசையை அளப்பது எளிது என்பதால் தசையை அளந்துவிட்டு மருந்தை அனுமதித்துவிடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

ஈஸ்ட்ரோஜென் வகை மருந்துகளின் கதை இதைவிடப் பழையது. 1950-களில் அமெரிக்காவின் அயோவாவில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண்மை ஹார்மோனைச் செம்மறிக்குட்டிகளிலும் மாடுகளிலும் சோதித்தார்கள். 1954-ல் மாட்டுத் தீவனத்துக்கு அனுமதி கிடைத்தது. கர்ப்பிணிப் பெண்களுக்கும் அதே மருந்து கொடுக்கப்பட்டுவந்தது. அப்படி மருந்து உண்ட தாய்மார்களின் மகள்களுக்கு அரிதான பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவதை 1971-ல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். கால்நடைகளில் அந்த மருந்தை முற்றிலும் நிறுத்த 1979 வரை ஆனது. ஆபத்து தெரிந்த பிறகும் எட்டு ஆண்டுகள்!

அதன் இடத்தில் இன்று அமெரிக்கச் செம்மறிகளுக்கு இருப்பது செரனால். குட்டியின் காதுமடலில் தோலுக்கடியில் 12 மில்லிகிராம் குளிகை வைப்பார்கள். மக்காச்சோளத்தில் வளரும் பூசணத்தின் நச்சிலிருந்து வடித்தெடுக்கப்படும் இது, ஈஸ்ட்ரோஜெனைப் போல நடித்து, பிட்யூட்டரியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டுகிறது. கிடாய்க்குட்டிக்கு வைத்தால் விதை சிறுக்கிறது. இனவிருத்திக்கு வைத்திருக்கும் ஆட்டுக்கு இதை வைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்வதற்குக் காரணம் அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய ஹார்மோன்களை அடியோடு தடைசெய்தது. ஹார்மோன் கொடுத்த இறைச்சியின் இறக்குமதியை 1989 முதல் மறித்தது. அமெரிக்காவும் கனடாவும் உலக வணிக அமைப்புவரை வழக்காடின. ஐரோப்பா அபராத வரிகளைத் தாங்கிக்கொண்டதே தவிர, தடையை விலக்கவில்லை.

ஈஸ்ட்ரோஜென் சாயல் செம்மறியை என்ன செய்யும் என்று மேற்கு ஆஸ்திரேலிய விவசாயிகளைக் கேட்டால் மருந்துக் கம்பெனிகளைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். 1940-களில் அங்கே மெரினோ மந்தைகள் புதிய குளோவர் புல்வெளிகளில் மேய்ந்தன. பெட்டைகள் சினை பிடிக்கவில்லை, கருப்பை வெளித்தள்ளியது, விதையடித்த கிடாய்களின் மடியில் பால் சுரந்தது. அந்தச் செடியில் இருந்த ஒரு பொருள் ஆட்டின் வயிற்றில் ஈஸ்ட்ரோஜெனைப் போன்ற ஒன்றாக மாறியதே காரணம் என்று பிறகு தெரிந்தது. மந்தை மந்தையாக மலடாயின. யாரும் ஊசி போடவில்லை, எந்தத் தூளும் கலக்கவில்லை. புல்லில் இருந்த சிறு அளவே போதுமாக இருந்தது.

ஆட்டுக்கு நேர்வது ஆட்டோடு நின்றிருந்தால்கூட நாம் கவலைப்பட வேண்டும். அது நிற்கவில்லை. 1990-ல் ஸ்பெயினில் மாட்டு ஈரலைத் தின்ற 135 பேர் நெஞ்சுப் படபடப்பும் கைநடுக்கமும் தலைவலியுமாக மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்; ஈரலில் கிளென்புடெரால் இருந்தது. போர்ச்சுகலில் 50 பேர் நோயுற்ற நிகழ்வுகளில் மாட்டுக்கறியோடு ஆட்டுக்குட்டிக் கறியும் காரணமாக இருந்தது. 2006-ல் ஷாங்காயில் பன்றிக்கறி உண்ட 300-க்கும் மேற்பட்டோருக்கு அதே கதி. 2011-ல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தில் 208 சிறுநீர் மாதிரிகளைச் சோதித்தபோது 109-ல் கிளென்புடெரால் இருந்தது. அந்தச் சிறுவர்கள் ஊக்கமருந்து உண்ணவில்லை; சாப்பாட்டில் கறி உண்டார்கள். கொதிக்கவைத்தாலும் இந்த மருந்து எளிதில் அழிவதில்லை. ஈரலில் அதிகம் தங்குகிறது. நம் வீடுகளில் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் சத்து என்று தேடி வாங்கிக் கொடுப்பது அந்த ஈரலைத்தான்.

இந்த வணிகத்தின் மறுபக்கத்தில் உயிர்ப்பலியும் உண்டு. பெல்ஜியத்தில் சட்டவிரோத ஹார்மோன் கும்பல்களைத் துரத்திய கால்நடை மருத்துவ ஆய்வாளர் கரேல் வான் நோப்பென் 1995 பிப்ரவரி 20 அன்று தன் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் தன் தடைச் சட்டத்தை இறுக்கியது. ஒரு நேர்மையான கால்நடை மருத்துவரின் வேலை எவ்வளவு பெரியது என்பதை நம் ஊரில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பெயரையாவது நம் கால்நடை மருத்துவ மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் நெருடல் வந்தது. 2013 ஆகஸ்டில் டைசன் இறைச்சி நிறுவனம், நடக்கமுடியாமல் வந்துசேரும் மாடுகளைக் கண்டு, சில்பட்டெரால் கொடுத்த மாடுகளை இனி வாங்கமாட்டோம் என்றது. மருந்தைத் தயாரித்த மெர்க் நிறுவனம் அது பாதுகாப்பானது என்று கூறிக்கொண்டே அமெரிக்கா, கனடாவில் விற்பனையை நிறுத்தியது. 2012-ல் ராக்டோபமைனுக்கு எச்ச வரம்பு வகுக்கலாமா என்று உலக உணவுத் தர ஆணையமான கோடெக்ஸில் வாக்கெடுத்தபோது 69 நாடுகள் ஆதரித்தன, 67 எதிர்த்தன. பாதி உலகம் ஏற்காத ஒன்றை 'அறிவியல் முடிந்த முடிவு' என்று நம்மிடம் யாராவது விற்கவந்தால் நம்ப வேண்டியதில்லை.

நமக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி என்று இருந்துவிட முடியாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 7.4 கோடிக்கும் மேற்பட்ட செம்மறிகள். தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம். அண்டைநாடான வங்கதேசத்தில் பக்ரீத்துக்கு முன் கால்நடைகளைப் பருக்கவைக்க டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசிகளைப் போடும் வழக்கம் வேரூன்றி, 2010-ல் தீவனச் சட்டத்தாலேயே ஹார்மோன்களையும் ஸ்டீராய்டுகளையும் தடைசெய்ய வேண்டிவந்தது. உயிர் காக்கும் மருந்து அது. தவறான கையில் உடலில் நீரைத் தேக்கி ஊதவைக்கிறது. கார்ட்டிசாலைப் போல நடிப்பதால் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. ஆட்டின் சொந்தக் கார்ட்டிசால் சுரப்பு முடங்குகிறது. எடை கூடியதாகக் காட்டும் அந்த உயிர் உண்மையில் நோயாளி.

எட்டயபுரத்திலும் செஞ்சியிலும் மேச்சேரியிலும் சந்தைக்கு வரும் வியாபாரி ஆட்டின் முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்திப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கம் அது, பெரும்பாலும் பிசகுவதில்லை. ஆனால் இந்த மருந்துகள் முதலில் பெருக்கவைக்கும் இடங்களில் ஒன்று அந்த முதுகுத்தசைதான். எவ்வளவு தேர்ந்த விரலும் மருந்தால் வந்த சதையையும் புல்லால் வந்த சதையையும் பிரித்தறிய முடியாது. ஆய்வகத்தால் முடியும். கருமையான முடியில் கிளென்புடெரால் நிறமியோடு ஒட்டிக்கொண்டு நெடுநாள் தங்குகிறது. வெள்ளை முடியில் அவ்வளவு தங்குவதில்லை. கண்ணின் விழித்திரையிலும் அப்படியே. ஆகவே திருச்சிக் கருப்பு ஆட்டின் முடியும் ராமநாதபுரம் வெள்ளையின் முடியும் ஒரே அளவு மருந்துக்கு ஒரே விடையைத் தராது. சோதனை முறையை வகுப்பதற்குக்கூட நம் இனங்களைத் தனித்தனியாக அறிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போகும் இறாலுக்கும் தேனுக்கும் முட்டைக்கும் ஆண்டுதோறும் எச்சக் கண்காணிப்புத் திட்டம் வைத்து மாதிரி எடுத்துச் சோதிக்கிறோம். ஐரோப்பியர்கள் கேட்கிறார்கள், செய்கிறோம். உள்ளூர்க் கறிக்கடையில் தொங்கும் ஆட்டுக்கு அந்த ஒழுங்கு இல்லை. தெருவோரம் அறுக்கப்படும் ஆட்டின் ஈரல் எந்த ஆய்வகத்துக்கும் போவதில்லை. நம் வயிறு ஐரோப்பியர் வயிற்றைவிட மலிவானதா?

தடைசெய்ய நம்மால் முடியாது என்பதும் இல்லை. பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்கு 2006-ல் தடைசெய்தோம். கோழிப்பண்ணைகளில் வளர்ச்சிக்காகக் கொட்டப்பட்ட கொலிஸ்டினை 2019-ல் நிறுத்தினோம். ஆனால் இரண்டிலும் சேதம் நடந்த பிறகே விழித்தோம். மாட்டின் வலிக்குக் கொடுத்த மருந்து வானத்துப் பறவையை அழிக்கும் என்று யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் நம் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்கு 99-க்கும் மேல் போய்விட்டன. செம்மறியில் அந்தத் தாமதம் வேண்டாம்.

இதில் ஆடு மேய்ப்பவரைக் குற்றவாளியாக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குட்டி எடை ஏறாமல் தேங்கினால் அவருடைய வீட்டில் பள்ளிக்கட்டணம் தேங்கும். அந்தத் தவிப்பின் நடுவில்தான் 'டானிக்' என்று சொல்லி விற்பவர் வருகிறார். நம் குட்டிகள் தேங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் ஹார்மோன் குறைவன்று. குருதி உறிஞ்சும் குடற்புழு, தாயின் பால் பற்றாக்குறை, கோடையில் மேய்ச்சல் வறட்சி, ஆட்டுக்கொல்லி நோய். புழு நீக்கமும் தடுப்பூசியும் பால்குடிக் காலத்தில் தாய்க்கு அடர்தீவனமும் அகத்தி, சூபாபுல் தழையும் கிடைத்தால் மேச்சேரிக் குட்டி எந்தத் தூளும் இல்லாமல் எடை ஏறும். பொட்டனேரியிலுள்ள மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் அந்த இனத்தோடு வேலை செய்துவருகிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் கிராமத்துக்குப் போவதில்தான் தடங்கல், ஆய்வில் இல்லை. மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை ஆட்டுக்குப் போடாதீர்கள் என்ற ஓர் எச்சரிக்கைகூடப் பல ஊர்களுக்குப் போய்ச்சேரவில்லை. செரனாலின் தாய்ப்பொருள் அந்தப் பூசணத்திலேயே உண்டாகிறது என்பது தெரிந்தால் யார் போடுவார்கள்?

அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. வளரும் ஆட்டின் ஹார்மோன்களைத் தொடும் எந்தத் தீவனச் சேர்மத்துக்கும், எங்கோ ஓர் இனத்தில் நடந்த ஆய்வை மட்டும் வைத்து அனுமதி தரக் கூடாது. நம் இனங்களில், கிடாய், பெட்டை, விதையடித்தது என்று தனித்தனியே, கோடையிலும் மழையிலும், வளர்ச்சி ஹார்மோன், ஐஜிஎஃப்-1, இன்சுலின், தைராய்டு, கார்ட்டிசால் ஆகியவற்றை அளந்து முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். அப்படி அளந்த பிறகும் எடைக்காக மட்டும் கொடுக்கும் மருந்தை நான் எதிர்ப்பேன். ஆனால் அளக்காமல் கொடுப்பதை ஆதரிக்க யாருக்கும் வாய் இருக்கக் கூடாது. ஸ்டீராய்டு ஊசியும் கிளென்புடெரால் போன்ற பீட்டா தூண்டிகளும் மருத்துவர் சீட்டு இல்லாமல் கால்நடை மருந்துக்கடையில் கைமாறக் கூடாது. மாநகராட்சி அறுவைக்கூடங்களில், குறிப்பாகப் பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில், ஈரலும் முடியும் மாதிரி எடுக்கப்பட வேண்டும். முடிவுகள் மாவட்டவாரியாக வெளிவர வேண்டும். நல்ல முடிவாக இருந்தால் அதுவும் வெளிவரட்டும். புல் தின்று வளர்ந்த நம் ஆட்டுக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை.

பில்லியனில் ஒரு பங்கு எச்சத்தைக்கூடக் கண்டுபிடிக்கும் நிறமாலைக் கருவிகள் ஏற்றுமதிச் சோதனைக்காகத் தமிழ்நாட்டு ஆய்வகங்களில் ஏற்கெனவே இயங்குகின்றன. அவற்றுக்கு உள்ளூர் ஆட்டு ஈரலையும் அனுப்பச் சொல்லி உணவுப் பாதுகாப்புத் துறையும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் சேர்ந்து ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். அடுத்த பண்டிகைக் காலத்துக்குள் அந்த ஆணை வர வேண்டும்.